வேனின் முன் இருக்கைகளை மாற்றுதல்: அளவெடுப்பது முதல் இறுதிச் சோதனை வரை

வேனின் முன் இருக்கை நீண்ட பயணத்தின் வசதியை முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்படுவதில்லை. நாள்தோறும் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால் அதன் பக்கவாட்டு மேடுகள் தட்டையாக வைக்கப்படுகின்றன. பின்னால் சரக்குத் தடுப்புச் சுவர் இருப்பதால் இருக்கை பின்னோக்கி நகரும் தூரமும் சாயும் கோணமும் குறைந்துவிடுகின்றன. முதுகின் கீழ்ப்பகுதிக்கான தாங்கலோ அடிப்படை வகை வேன்கள் பலவற்றில் இருப்பதே இல்லை. ஆகவே அந்த இருக்கையைக் கழற்றிவிட்டு நல்லதொன்றைப் பொருத்த வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் திட்டமிட்டுச் செய்தால் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலையும்கூட. ஆனால் இருக்கை என்பது மெத்தை மட்டுமன்று. மோதலின்போது உடலைப் பிடித்து நிறுத்தும் அமைப்பில் அது ஓர் உறுப்பு. எனவே புதிய இருக்கை எவ்வளவு மென்மையானது என்பதைக் காட்டிலும், அது எந்த உயரத்தில் அமர்கிறது, எதன்மீது பொருத்தப்படுகிறது, சீட் பெல்ட்டின் விசை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பவையே முதலில் முடிவு செய்யப்பட வேண்டியவை.

மாற்றத்தான் வேண்டுமா?

பணத்தைச் செலவிடும் முன்பு வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவது நல்லது. மடித்த துண்டு ஒன்றை இடுப்புக்குப் பின்னால், பெல்ட் கட்டும் உயரத்தில் வைத்துக்கொண்டு வழக்கமான தூரத்தை ஓட்டிப் பாருங்கள். வலி கணிசமாகக் குறைந்தால் குறை இடுப்புத் தாங்கலில்தான் இருக்கிறது. அதற்கு முழு இருக்கையையும் மாற்றாமல், சாய்மானத்துக்குள் தாங்கல் ஒன்றைப் பொருத்துவதே போதுமானதாக இருக்கலாம். அமரும் எலும்புகள் இருக்கும் இடத்தில் மட்டும் வலித்தால் ஃபோம் அமுங்கிப்போயிருக்கும், அல்லது அதன் அடியிலுள்ள கம்பி வலையோ ஸ்பிரிங்கோ அறுந்திருக்கும். இருக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். தொடையின் அடிப்பகுதி மரத்துப்போனால் இருக்கை உயரமாக இருக்கிறது, அல்லது அதன் முன்விளிம்பு மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

குலுக்கல்தான் பிரச்சினை என்றால் நிலைமை வேறு. பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்) கொண்ட வேன்களின் பின்புறம் முழுச் சரக்கைத் தாங்குவதற்கென்று அமைக்கப்படுவதால், காலியாக ஓடும்போது அது விறைப்பாகவே இருக்கும். டயர்க் காற்றழுத்தமும் பெரும்பாலும் முழு எடைக்கே நிரப்பப்பட்டிருக்கும். அமர்ந்த நிலையில் மனித உடல் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான செங்குத்து அதிர்வுக்கு மிக அதிகமாக அதிரும். உடல் முழுவதும் உணரும் அதிர்வை அளவிடுவதற்கான, சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலையும் இந்த எல்லைக்கு மிகுந்த முக்கியத்துவம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, 8 மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட அதிர்வு 0.5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 என்பது தாண்டவே கூடாத எல்லை என்றும் வகுத்திருக்கிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பரும் மிகையான காற்றழுத்தமும் இருக்கும்வரை, எவ்வளவு விலையுயர்ந்த இருக்கையும் இந்த அதிர்வைப் பாதிதான் மறைக்கும். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுப் பிறகு இருக்கையைப் பற்றி யோசிப்பதே சிக்கனம்.

எந்த இருக்கை?

பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை நான் சமமாக மதிப்பதில்லை.

முதல் வழி, அதே மாடல் வேனின் உயர் வகையில் வந்த இருக்கை. கைதாங்கி, உயரச் சரிசெய்தல், இடுப்புத் தாங்கல் ஆகியவற்றோடு வரும் இத்தகைய இருக்கைகள் விபத்துக்குள்ளாகிப் பிரிக்கப்படும் வாகனங்களிலிருந்து கிடைக்கின்றன. போல்ட் துளைகள் பொருந்தும். சீட் பெல்ட் பக்கிள் சரியான இடத்தில் வரும். மின் கனெக்டரும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கிடைக்குமானால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு: அந்த வாகனத்தில் ஏர்பேக் வெடித்திருக்கக் கூடாது, நீரில் மூழ்கியிருக்கவும் கூடாது. இருக்கை முன்னும் பின்னும் நகரும் தடமான ரெயிலின் உட்பகுதியில் காய்ந்த சேறும் ஃபோமின் ஆழத்தில் பூஞ்சை மணமும் மூழ்கியதைக் காட்டிக்கொடுக்கும். மேலுறையை மட்டும் சலவை செய்து விற்பவர்கள் உண்டு. ரெயிலைச் சலவை செய்பவர்கள் இல்லை.

இரண்டாவது, வேறொரு காரிலிருந்து எடுத்த இருக்கை. பெரிய குடும்பக் கார்களின் முன் இருக்கைகள் உண்மையிலேயே வசதியானவை. ஆனால் கார் இருக்கை தாழ்ந்த தரையில் கால்களை முன்னே நீட்டி அமர்வதற்காக அமைந்தது. வேனிலோ ஓட்டுநர் நாற்காலியில் அமர்வதுபோல நிமிர்ந்து அமர்கிறார். காருக்கென அமைந்த குஷனின் பின்சரிவை அப்படியே வேனில் வைத்தால் முழங்கால் தூக்கிக்கொள்ளும். இடுப்பு பின்னால் வழுக்கும். புதிய இருக்கையை வேனின் துளைகளோடு இணைக்கும் இடைத்தகடான அடாப்டரைச் செய்யும்போதே இந்தக் கோணத்தைத் திருத்தியாக வேண்டும்.

மூன்றாவது, முதுகு நலத்தை முன்வைத்துத் தனியாக விற்கப்படும் இருக்கைகள். ஜெர்மனியில் தோன்றிய ரெகாரோ, ஷீல்மன் போன்ற நிறுவனங்களின் இருக்கைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. தொடைத் தாங்கலின் நீளத்தைக் கூட்டலாம், இடுப்புத் தாங்கலைச் சரிசெய்யலாம், குஷனின் சாய்வை மாற்றலாம். விலை அதிகம். ஆயினும் குறிப்பிட்ட வாகனத்துக்கென்று சோதிக்கப்பட்ட அடித்தளத்தோடு வாங்க முடிந்தால் முதல் வழிக்கு அடுத்தபடியாக இதையே பரிந்துரைப்பேன்.

நான்காவது, லாரிகளில் காணப்படும், காற்றுப்பையின்மேல் மேலும் கீழும் அசைந்து அதிர்வை உள்வாங்கும் காற்றுத் தாங்கல் இருக்கை. பெயரைக் கேட்டதும் இதுதான் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். சில பெரிய வேன்களுக்கு உற்பத்தியாளரே தாங்கல் இருக்கையைத் தருவதுண்டு. அது நன்றாக வேலை செய்யும். லாரி இருக்கையை எடுத்து வேனில் வைப்பதில்தான் மூன்று இடர்கள். ஒன்று, தாங்கல் அமைப்பு உயரத்தைத் தின்றுவிடுவதால் தலை கூரையை நெருங்கும். இரண்டு, கதவுத் தூணில் பொருத்தப்பட்ட பெல்ட் அசையாமல் இருக்க, இருக்கை மட்டும் மேலும் கீழும் போவதால் பெல்ட் தோளை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருக்கும். மூன்று, இதைத் தவிர்க்கப் பெல்ட்டையே இருக்கையில் பொருத்திய வகையை வாங்கினால், மோதலின் முழு விசையும் இருக்கையின் நான்கு கால்கள் வழியே வேனின் தரைத்தகட்டுக்கு வரும். அந்தத் தகடு அதற்காக அமைக்கப்பட்டதன்று.

எதை வாங்கினாலும், கடையில் ஐந்து நிமிடம் அமர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொட்டவுடன் இதமாக இருக்கும் மென்மையான ஃபோம், அரை மணி நேரத்தில் எலும்புவரை அமுங்கிவிடும். நல்ல இருக்கை முதலில் சற்றுக் கடினமாகவே தோன்றும். ஃபோமின் அடர்த்தியும் கடினத்தன்மையும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: அடர்த்தி அதன் ஆயுளைச் சொல்கிறது, கடினத்தன்மை அது உடலை எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சொல்கிறது.

அளவெடுத்தல்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. பழைய இருக்கையைக் கழற்றுவதற்கு முன்பே, அதில் நீங்கள் வழக்கமாக அமரும் நிலையில் சில அளவுகளை எழுதி வைக்க வேண்டும். தரையிலிருந்து குஷனின் முன்விளிம்பு வரை உள்ள உயரம், அதே குஷனின் பின்பகுதி உயரம், இரண்டையும் ஒருவர் அமர்ந்திருக்கும்போது எடுங்கள்; ஆளின் எடையில் ஃபோம் எவ்வளவு அமுங்குகிறது என்பது இருக்கைக்கு இருக்கை மாறும். தலை உச்சியிலிருந்து கூரை வரை உள்ள இடைவெளி, குஷனின் நடுக்கோட்டுக்கும் ஸ்டீயரிங்கின் நடுக்கோட்டுக்கும் இடையே உள்ள விலகல், குஷனுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் இடையே உள்ள இடைவெளி, கதவு மூடியிருக்கையில் அதன் உட்பலகைக்கும் சாய்மானத்துக்கும் உள்ள இடைவெளி ஆகியவையும் தேவைப்படும். புதிய இருக்கையின் சாய்மானக் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதையும் மறந்துவிடக் கூடாது. கதவை மூடியபின் கை நுழையாத இடத்தில் கைப்பிடி அமைந்தால், ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்துதான் சாய்வை மாற்ற முடியும்.

பழையதைக் கழற்றியபின், தரையிலோ இருக்கையைத் தாங்கும் இருக்கைப் பெட்டியிலோ உள்ள நான்கு துளைகளின் அளவை எடுக்க வேண்டும். இதற்கு அளவுநாடாவைவிடத் தடித்த அட்டையே நம்பகமானது. அட்டையைத் துளைகளின்மேல் விரித்து, விளிம்புகளை நாடாவால் ஒட்டி, ஒவ்வொரு துளையின்மீதும் விரலால் அழுத்தினால் வட்ட வடிவம் பதியும். அதன் நடுவில் துளையிட்டு, பழைய போல்ட்டுகளையே அட்டை வழியாகச் செருகிப் பார்த்துச் சரிபார்க்கலாம். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துகொள்ள வேண்டும். பல வேன்களில் நான்கு துளைகளும் செவ்வகமாக அமைவதில்லை. பின்துளைகள் நெருங்கியோ, ஒரு பக்கத் துளை உயர்ந்தோ இருக்கும். உயர வேறுபாட்டை அட்டை காட்டாது. நேரான பலகையும் மட்டக்குழலும் வைத்துத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதே முறையில் புதிய இருக்கையின் ரெயில் துளைகளுக்கும் ஓர் அட்டை செய்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் அடாப்டர் எப்படி இருக்க வேண்டும் என்பது கண்முன் தெரிந்துவிடும்.

பெல்ட்டும் அதன் விசையும்

பெரும்பாலான வேன்களில் தோள் பட்டையின் மேல்முனை கதவுத் தூணிலும், பக்கிள் இருக்கையின் சட்டத்திலும் இருக்கும். அதாவது மோதலின்போது ஓட்டுநரின் உடல் எடையில் ஒரு பெரும்பகுதி பக்கிள் வழியாக இருக்கைச் சட்டத்துக்கும், அங்கிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து போல்ட்டுகளுக்கும் போகிறது. இந்தச் சங்கிலியில் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் அடாப்டரும் ஒரு கண்ணியாகிவிடும். எவ்வளவு விசை என்பதை அறிய, ஐ.நா.வின் 14ஆம் வாகன ஒழுங்குமுறையைப் பார்க்கலாம்: கார்கள், இலகு சரக்கு வேன்கள் ஆகியவற்றின் மூன்று முனைப் பெல்ட் பிடிமானங்கள், தோள் பட்டையிலும் மடிப் பட்டையிலும் ஒரே நேரத்தில் தலா 13,500 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 டன் எடை தொங்குவதற்குச் சமம். இதோடு இருக்கையின் சொந்த எடையும் சேர்கிறது; 25 கிலோ இருக்கை, புவியீர்ப்பின் 20 மடங்கு வேகக்குறைப்பில் 500 கிலோ எடைபோல முன்னே பாயும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடையில் கிடைக்கும் துளையிட்ட மெல்லிய கோணப் பட்டைகள் இந்த வேலைக்கு ஏன் உதவா என்பது விளங்கும்.

பக்கிள் உயரமும் கவனத்துக்குரியது. மடிப் பட்டை இடுப்பெலும்பின்மீது தாழ்வாகப் படிய வேண்டும். புதிய இருக்கையில் பக்கிள் உயரமாக இருந்தால் பட்டை வயிற்றின்மீது ஏறிவிடும்; மோதலில் உட்புற உறுப்புகளைக் காயப்படுத்துவது இந்த நிலைதான். வேறு வாகனத்தின் பக்கிளில் உங்கள் பெல்ட்டின் நாக்கு 'டக்' என்று பூட்டிக்கொண்டாலும், அது பொருந்திவிட்டதாகக் கருதக் கூடாது. நாக்கும் பக்கிளும் ஒரே தயாரிப்பிலிருந்து, ஒன்றுக்கென்று உருவான மற்றொன்றாக இருக்க வேண்டும்.

அடாப்டர்

சோதிக்கப்பட்ட, உங்கள் வேன் மாடலுக்கென விற்கப்படும் அடித்தளம் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். கிடைக்காதபோது, தகுதி பெற்ற வாகனப் பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் எஃகுத் தகட்டில் செய்விக்கலாம். வீட்டில் வெல்டிங் பழகுவதற்கான இடம் இதுவன்று. முடிந்தவரை வெல்டிங்கே இல்லாமல், மடிக்கப்பட்ட ஒற்றைத் தகடாக அடாப்டரை வடிவமைப்பது நல்லது. தவிர்க்க முடியாத வெல்டிங், விசையின் முழு இழுப்பையும் தாங்கும் இடத்தில் வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உற்பத்தியாளர் தந்த பிடிமானத் துளைகளையே பயன்படுத்துவது அடிப்படை விதி. தரையில் புதிய துளை போடுவது கடைசிப் போக்கிடம். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால், துளையிடும் முன்பு வண்டியின் அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பல வேன்களில் ஓட்டுநர் இருக்கையின் கீழேதான் எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் செல்கின்றன. மின்சார வேன்களில் உயர் மின்னழுத்த பேட்டரி தரை முழுவதும் பரவியிருக்கும், அங்கே துளையிடும் எண்ணமே கூடாது. அடியில் வைக்கும் தாங்கு தகட்டுக்கு ஒரு குறைந்தபட்ச அளவுகோலாக, சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளைச் சொல்லலாம்: ஒவ்வோர் இருக்கைக்கும் குறைந்தது நான்கு பிடிமானங்கள், 8 மி.மீ. போல்ட்டுகள், எஃகுத் தகடானால் 3 மி.மீ. தடிமன், ஒவ்வொரு பிடிமானத்திலும் 40 சதுர செ.மீ. தொடுபரப்பு. சிறிய வட்ட வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதால்தான் இந்தப் பரப்பு கேட்கப்படுகிறது.

சுழலும் அடித்தளத்தைச் சேர்க்க விரும்புபவர்கள், அது இருக்கையைச் சில சென்டிமீட்டர் உயர்த்தும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்கு ஈடாகத் தாழ்ந்த இருக்கைப் பெட்டி வாங்காவிட்டால் கால் தரையில் முழுமையாகப் படியாது. இருக்கை சுழலும்போது கம்பிகள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் போதிய தளர்வும் வேண்டும்.

ஏர்பேக்கும் மின் இணைப்புகளும்

உங்கள் பழைய இருக்கையின் சாய்மான ஓரத்தில் ஏர்பேக் என்ற குறிப்புச் சீட்டு தைக்கப்பட்டிருந்தால், உள்ளே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. பக்கிளின் அடியில் தடித்த உருளை ஒன்று இருந்தால் அது மோதலின்போது பெல்ட்டை நொடியில் இறுக்கும் பிரீடென்ஷனராக இருக்கக்கூடும். அதிலும் வெடிபொருள் உண்டு. பயணி இருக்கையின் குஷனுக்குள் ஆள் இருப்பதை உணரும் சென்சார் இருக்கலாம். இவற்றின் கம்பிகளுக்கும் கனெக்டர்களுக்கும் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் மஞ்சள் நிறத்தைப் பயன்படுத்துகிறார்கள். மஞ்சளைக் கண்டால் கையை எடுத்துவிட்டு யோசிப்பது நல்ல பழக்கம்.

ஏர்பேக் உள்ள இருக்கைக்குப் பதிலாக ஏர்பேக் இல்லாததை வைத்து, கனெக்டரில் சிறிய மின்தடை ஒன்றைச் செருகி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. அந்த மின்தடை, இல்லாத ஏர்பேக் இருப்பதாகக் கட்டுப்பாட்டு அலகை நம்பவைக்கிறது. பின்னாளில் அந்த வேனை வாங்குபவரையும் நம்பவைக்கிறது. வேறு மாடலின் ஏர்பேக்கை இணைப்பதும் தீர்வல்ல. வெடிக்கும் நேரமும் விசையும் ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியே கணிக்கப்பட்டவை. இருக்கையில் ஏர்பேக் உள்ள வேனுக்கு, அதே மாடலின் ஏர்பேக் இருக்கைதான் சரியான மாற்று. அதன்மேல் போடும் உறையும் ஏர்பேக் கிழித்து வெளிவரும் தையல் கொண்டதாக இருக்க வேண்டும்.

சூடேற்றும் பட்டைகள், மின்மோட்டார்கள் ஆகியவற்றுக்குத் தனி ஃபியூஸோடு, போதிய தடிமனுள்ள கம்பியில் மின்சாரம் கொடுங்கள்; சிகரெட் லைட்டர் இணைப்பிலிருந்து கிளை பிரிப்பது பழுதுக்கு அழைப்பு. நினைவகம் கொண்ட மின் இருக்கைகள், எடுத்த வாகனத்தின் கணினியோடு பேசினால்தான் அசையும். சுவிட்சிலிருந்து நேரே மோட்டாருக்குப் போகும் எளிய வகையையோ, கையால் நகர்த்தும் வகையையோ தேர்வது தலைவலியைக் குறைக்கும்.

கழற்றும் வரிசை

பேட்டரியைத் துண்டிக்கும் முன்பு இருக்கையை முழுவதும் பின்னே தள்ளி முன் போல்ட்டுகளையும், முழுவதும் முன்னே தள்ளிப் பின் போல்ட்டுகளையும் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டும். மின் இருக்கையில் இந்த ஒழுங்கு மிக அவசியம்; பேட்டரியைக் கழற்றியபின் மறைந்திருக்கும் போல்ட்டை எட்டுவதற்கு வழி இருக்காது. துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே அடிப்புறத்திலிருந்து தெளித்து வையுங்கள். நெருப்பால் சூடேற்றுவது இங்கே அறவே கூடாது. பல வாகனங்களில் இந்தப் போல்ட்டுகளின் தலை நட்சத்திர வடிவில் இருக்கும். சரியான அளவு சாக்கெட் இல்லாமல் முயன்றால் தலை மழுங்கி, அதன்பின் துளையிட்டுத்தான் எடுக்க முடியும்.

பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றுங்கள். ஃபோர்டு டிரான்சிட் போன்ற சில வேன்களில் பேட்டரியே ஓட்டுநர் இருக்கையின் அடியில்தான் இருக்கிறது. இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் இரண்டையும் துண்டிக்க வேண்டும். ஏர்பேக் அலகின் மின்தேக்கிகள் வடிவதற்கு உங்கள் வாகனக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். அவசரப்படாமல் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விடுவது பாதுகாப்பானது. அதன்பின் வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, மஞ்சள் கனெக்டரைக் கழற்ற வேண்டும். அதில் பெரும்பாலும் இரண்டு பூட்டுகள் இருக்கும்: முதலில் சிறிய சறுக்குத் துண்டைத் தட்டைத் திருப்புளியால் மெல்ல வெளியே தள்ளினால்தான், பெரிய நாக்கை அழுத்திக் கனெக்டரைப் பிரிக்க முடியும். முதல் பூட்டை விடுக்காமல் இழுத்தால் நாக்கு உடையும். மல்டிமீட்டரை ஏர்பேக் முனைகளில் வைத்துச் சோதிக்கவே கூடாது; அதன் சிறு மின்னோட்டமே வெடிப்பைத் தூண்டக்கூடும்.

போல்ட்டுகள் முழுவதும் வந்தபின் இருவராகத் தூக்குங்கள். ரெயிலின் முனைகள் கூர்மையானவை. கதவு வாசலில் தடித்த துணியை விரித்துவிட்டால் வண்ணம் தப்பும். டொயோட்டா ஹையேஸின் பல தலைமுறைகளைப் போல எஞ்சின் இருக்கைகளின் கீழே உள்ள வேன்களில், இருக்கையோடு கூடிய மூடி எஞ்சினைப் பராமரிக்கத் திறந்து மூடப்படும் பகுதியாகவும் இருக்கும். புதிய இருக்கை அந்தத் திறப்பைத் தடுக்காதா, வெப்பத்தையும் ஓசையையும் அடக்கும் அடிப்பாய் அப்படியே இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

பொருத்துதல்

காலியான தரையைச் சுத்தம் செய்து, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி உலரவிடுங்கள். பிடிமானத் துளைகளின் மரைகளை ஒரு புதிய போல்ட்டைக் கையால் திருகிச் சோதிக்க வேண்டும். இடையில் சிக்கினால் மரை சுத்தம் செய்யும் டாப் போட்டுச் சரிசெய்யலாம். போல்ட்டுகள் உற்பத்தியாளர் குறிப்பிட்ட தரத்தில், பெரும்பாலும் 8.8 அல்லது 10.9 என்று தலையில் பொறிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டு அழகாக இருந்தாலும் அதன் வலிமை அதே அளவு என்று நினைத்துவிடக் கூடாது.

ரெயில்களில்தான் பெரும்பாலான பொருத்தல்கள் கெடுகின்றன. இடது, வலது ரெயில்கள் தனித்தனியாக வரும் இருக்கையில், இரண்டையும் முழுவதும் முன்முனைக்குத் தள்ளி, இரண்டும் ஒரே பல்லில் பூட்டிக்கொள்வதை உறுதிசெய்த பிறகே சட்டத்தில் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அரைப்பல் தள்ளியிருந்தால் அந்தப் பக்கப் பூட்டு பல்லின் முனையில் ஏறி நின்றுவிடும். இருக்கை நகராமல் இருப்பதுபோலத் தோன்றும். முழு விசையையும் ஒரே பக்கம் தாங்கிக்கொண்டிருக்கும். நெம்புகோலை விடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள்: இரு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டினால் ஒரே உறுதியான ஒலி கேட்கும். ஒன்று கேட்டு, நீங்கள் அசைந்த பிறகு மற்றொன்று கேட்டால் ரெயில்கள் ஒத்திசைவில் இல்லை. ரெயிலுக்குள் ஒரு விளக்கைக் காட்டிப் பார்த்தால் எந்தப் பூட்டு பாதியில் நிற்கிறது என்பது தெரியும்.

இருக்கையை இடத்தில் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் சில சுற்றுகள் கையால் மட்டுமே திருகுங்கள். ஒன்றை முதலில் இறுக்கிவிட்டால் மற்றவை நேராக நுழையா. நான்கும் பிடித்த பிறகு சற்றே இறுக்கி, இருக்கையை முழுத் தூரமும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒரு முனையில் எளிதாகவும் மறுமுனையில் கடினமாகவும் நகர்ந்தால் ரெயில்கள் இணையாக இல்லை; தளர்த்தி மறுபடி வைக்க வேண்டும். பிறகு இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். 8.8 தரத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 50 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. உங்கள் வாகனக் கையேடு வேறு சொன்னால் அதுதான் முடிவு. எஃகுத் துளையில் போல்ட்டின் மரை, குறைந்தது அதன் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே சென்றிருக்க வேண்டும். அடாப்டர் சேர்த்தபின் பழைய போல்ட்டு குட்டையாகிவிடுவது அடிக்கடி நேர்கிறது.

கனெக்டர்களைச் செருகி, இரண்டாம் பூட்டையும் தள்ளி மூடிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் அலகில் பிழைக் குறியீடு பதிந்துவிடும். அதை அழிக்கப் பல வாகனங்களில் ஸ்கேனர் தேவைப்படும்.

அமர்வைச் சரிசெய்தல்

முதலில் உயரம்: சாலை தெளிவாகத் தெரிய வேண்டும், தலைக்கு மேல் ஒரு கையாவது நுழைய வேண்டும். அடுத்து, கிளட்ச்சையோ பிரேக்கையோ முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி இருக்கையை நகர்த்துங்கள். குஷனின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சாய்மானத்தைக் குஷனிலிருந்து 100 முதல் 110 டிகிரி வரை வைத்தால் முதுகுத் தண்டின் வட்டுகள்மீது அழுத்தம் குறையும். தோளைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். அதே வேளையில் மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடுப்புத் தாங்கலைக் கடைசியில் சரிசெய்யுங்கள், அதுவும் குறைந்த அளவிலிருந்து தொடங்கி. தாங்கல் தனியே உணரப்பட்டால் அது மிகையாகிவிட்டது. ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலைக்கு நெருங்கிய உயரத்திலும், தலையிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்திலும் இருக்கட்டும்.

சோதனையும் ஆவணங்களும்

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருப்பதும் பழுதுதான். பெல்ட்டைப் பூட்டியதும் எச்சரிக்கை ஒலி நிற்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையை முதுகால் பின்னோக்கியும் உடலால் முன்னோக்கியும் பலமாகத் தள்ளுங்கள். சிறிதும் ஆடக் கூடாது. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, சில முறை அழுத்தமாக பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுச் சாலைக்குச் செல்லலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் டார்க் ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணமும் அடாப்டரும் அதற்குள் சற்றே அமர்ந்திருக்கும்.

இருவர் அமரும் பயணி இருக்கையை ஒற்றை இருக்கையாக மாற்றினால் வாகனப் பதிவில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. பல நாடுகளில் இதற்கும் பெல்ட் பிடிமான மாற்றத்துக்கும் முன் அனுமதியோ ஆய்வோ தேவை. வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அடாப்டரின் சோதனைச் சான்று, போல்ட்டுகளின் தர விவரம், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைத்தால், ஆய்வாளர் கேட்கும்போது இருக்கையை மறுபடி கழற்றிக் காட்ட வேண்டியிராது. பழைய இருக்கைகளை உடனே விற்றுவிட வேண்டாம். ஆய்வில் புதியவை ஏற்கப்படாமல் போனால் வண்டி ஓட அவைதான் வேண்டும். அவற்றின் போல்ட்டுகளை ஒரு பையில் இட்டு, எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று எழுதி, அந்த இருக்கையின் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள்.